சேற்றில் மூன்றில் ஒன்று, நீரில் நான்கில் ஒன்று

கணக்கு ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். சேர்ந்த அன்றே பாடத்திட்டம், கால அட்டவணை, நாலைந்து பதிவேடுகள், பூட்டு இல்லாத ஒரு மேசை எல்லாம் கொடுத்திருப்பார்கள். அவற்றை எப்படிக் கையாள்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் நான் நிரப்பாத படிவம் கிடையாது. ஆனால் படிவம் நிரப்ப யார் வேண்டுமானாலும் கற்றுத் தந்துவிடலாம். தவறு செய்வது எப்படி, அதுவும் பிசிறில்லாமல், படிப்படியாக, அடிக்கோடிட்டுத் தவறு செய்வது எப்படி என்பதை அனுபவம் உள்ளவன்தான் சொல்ல வேண்டும். அந்தத் தகுதி எனக்கு உண்டு.

நான் செய்த தவறுக்கு ஒரு பெயர்கூட இருந்தது. பெயரை நானே வைத்தேன். மீதி விதி.

எழுபதுகளின் நடுவில், உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். வயது இருபத்தாறு. முதல் வகுப்பில் பட்டம், அதன்மேல் பி.எட்., இரண்டுக்கும் மேலே என்னைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம். என் வகுப்பில் ஒரே சட்டம்: படி. ஒவ்வொரு படியும் தனி வரியில் இருக்க வேண்டும். சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டும். விடை சரியாக இருந்து படி இல்லையென்றால் பூஜ்யம். படி இருந்து விடை தவறென்றால் பாதி. இப்படிப் படிகளின்மேல் பக்தி வைத்தவன், அந்தப் படிகளிலேயே ஏறிப்போய் எங்கே விழுந்தேன் என்பதுதான் கதை.

சேர்ந்து மூன்றாவது வாரம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்கு. ஒரு கழியின் மூன்றில் ஒரு பங்கு சேற்றிலும், நான்கில் ஒரு பங்கு நீரிலும் இருக்கின்றன. மீதி ஐந்து அடி நீருக்கு மேலே தெரிகிறது. கழியின் நீளம் என்ன? உங்களுக்கு இதைப் போட அரை நிமிடம் போதும். எனக்கும் போதுமாக இருந்தது. மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் பன்னிரண்டில் ஏழு. மீதி பன்னிரண்டில் ஐந்து. அதுதான் ஐந்து அடி. ஆகவே கழி பன்னிரண்டு அடி. சாக்குக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன்.

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "சார், விடை பத்து சார்" என்றது.

பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு நோட்ஸ் புத்தகம் இருந்தது. தலைமையாசிரியரே சிபாரிசு செய்தது. அதன் கடைசிப் பக்கங்களில் விடைகள். நாற்பது விரல்கள் ஒரே இடத்தில் நின்றன. பத்து அடி. நோட்ஸ் எழுதியவர் அட்டையில் தன் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள் போட்டிருந்தார். என்னிடம் இரண்டுதான்.

புத்தகம் தவறு என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடியில் நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன். உங்களைச் சோதிக்கத்தான் அப்படிப் போட்டேன் என்றேன். பலகையை அழித்தேன். அழிக்கும்போதே மூளை பத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒன்று போனால் மீதி மூன்றில் இரண்டு. அந்த மீதியில் நான்கில் ஒன்றை எடுத்தால் ஆறில் ஒன்று. இரண்டும் போனால் மிஞ்சுவது சரிபாதி. பாதி ஐந்து அடி. முழுக் கழி பத்து அடி.

அவ்வளவு அழகாக வந்தது. திரும்பிப் பார்த்து, "இரண்டாவதாக வரும் பின்னத்தை எப்போதும் மீதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதற்கு மீதி விதி என்று பெயர். கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். கட்டம் போட்டு, சிலர் சிவப்பு மையில், எழுதிக்கொண்டார்கள்.

முதல் ஆண்டு அது சப்பைக்கட்டு என்று எனக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டு அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாம் ஆண்டு அது சப்பைக்கட்டு என்பதே மறந்துபோயிற்று. உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் பின்னக் கணக்குகளில் பாதிக்குமேல் "மீதியில் இத்தனை பங்கு" என்றுதான் கேட்பார்கள். அங்கெல்லாம் என் விதி சரியாக வேலை செய்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் பிள்ளைகள் கோரஸாக மீதி விதி சொல்வதைக் கேட்டு, பதிவேட்டில் "நன்று" என்று எழுதிவிட்டுப் போனார். நன்று என்று எழுதிய பிறகு அதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஐந்தாம் ஆண்டில் ஒரே ஒருவர் பார்த்தார். எங்கள் பள்ளியின் பியூன் ஏகாம்பரம்.

ஏகாம்பரத்துக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரை "வா, போ" என்று கூப்பிட எனக்கு உரிமை இருப்பதாகப் பள்ளி முழுவதும் நம்பியது, நானும் நம்பினேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டு, கணக்கில் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தார். எங்கள் ரெக்கார்டு கிளார்க் ஓய்வுபெற ஓராண்டு இருந்தது. ஏகாம்பரம் அதற்குள் கணக்கில் முப்பத்தைந்து வாங்கினால் அந்த நாற்காலி அவருக்கு. வாங்காவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு ஏகாம்பரம் ஓய்வுபெறும்வரை மணிதான் அடிக்க வேண்டும். அவரிடம் தலைமையாசிரியர் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி அதைவிட ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாராம்.

ஆகவே தினமும் நாலரை மணிக்கு, கடைசி மணியை அடித்துவிட்டு, அந்தக் கையோடு என் எதிரில் வந்து உட்காருவார். சொன்னதைக் கேட்பார். எழுதுவார். ஆனால் அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கணக்கில் சொல்லியிருப்பது நிஜமாக நடந்ததாக நினைத்துக்கொள்வார். தொட்டிக்கு இரண்டு குழாய் என்றால், எதுக்கு சார் ஒரே நேரத்தில் ஒன்றில் ரொப்பி ஒன்றில் விடுகிறார்கள், தண்ணீர் வீணாயிற்றே என்பார். கணக்கு ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய தொந்தரவு இருக்க முடியாது.

கழிக் கணக்கு வந்தது. மீதி விதி சொன்னேன். ஏகாம்பரம் பேனாவை வைத்துவிட்டார்.

"சார், கழி ஒண்ணுதானே? சேறு அதுபாட்டுக்கு அதுல மூணுல ஒண்ண எடுத்துக்குது. தண்ணியும் அதுபாட்டுக்கு நாலுல ஒண்ண எடுத்துக்குது. நீ எவ்ளோ எடுத்துக்கினேன்னு தண்ணி இன்னாத்துக்கு சேத்தப் போயி கேக்கணும்?"

நான் புத்தகத்தைத் திறந்து விடையைக் காட்டினேன். பத்து. உனக்கு எவ்வளவு வருகிறது? பன்னிரண்டு. அப்படியானால் யார் தவறு? ஏகாம்பரம் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஆசிரியர் அறை வாசலில் ஒரு நீண்ட மூங்கில் சாய்ந்திருந்தது. அடிப்பாகம் முழுக்கச் சேறு. அதற்குமேல் கொஞ்சம் ஈரம். மற்றதெல்லாம் காய்ந்த மூங்கில். ஏகாம்பரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏரியில் அவ்வளவு ஆழமாகச் சேறு இல்லாததால் தானே பூசிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். பன்னிரண்டு அடி மூங்கில். நாலடி சேறு, மூன்றடி ஈரம், ஐந்தடி காய்ந்தது. கையில் டேப் வேறு.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பத்து அடியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார். "பத்துனு வெச்சுக்கினு பாத்தேன் சார். மூணுல ஒண்ணு மூணடி நாலு அங்குலம். நாலுல ஒண்ணு ரெண்டரை அடி. ரெண்டும் பூட்டா மேல நாலடி ரெண்டு அங்குலம்தான் கீது. அஞ்சடி இல்ல சார்."

அறையில் மற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். தமிழாசிரியர் எட்டிப் பார்த்தார். இதையும் நான் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. விடையைத் திரும்பக் கேள்விக்குள் வைத்துப் பார்ப்பதற்குச் சரிபார்த்தல் என்று பெயர், கடைசிப் படி, நேரம் இருந்தால் எழுதலாம் என்று. எனக்கு நேரம் இருக்கவில்லை போலும், ஐந்து ஆண்டுகளாக.

நான் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "புத்தகம் பின்னத்தைப் பற்றிக் கேட்கிறது, ஏகாம்பரம். நீ மூங்கிலைப் பற்றிப் பேசுகிறாய்." அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரமும் சிரித்தார். மூங்கிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதிரிக் கணக்கு கொடுக்கும்போதெல்லாம் மீதி விதிப்படி போட்டுக் காட்டினார். வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் பொதுத் தேர்வு. ஏகாம்பரம் தனித்தேர்வராக எழுதினார். கணக்குத் தேர்வு முடிந்து வெளியே வந்த பிள்ளைகளிடம் வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மதிப்பெண் பகுதியில் ஒரு கேள்வி: ஒரு விவசாயி தன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கில் நெல்லும், நான்கில் ஒரு பங்கில் வேர்க்கடலையும் பயிரிட்டார், மீதி பத்து ஏக்கர் தரிசு, மொத்த நிலம் எவ்வளவு? எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என் விதி பொதுத் தேர்வுக்கே வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் இருபது ஏக்கர் என்றார்கள். தட்டிக்கொடுத்தேன்.

ஏகாம்பரமும் வந்தார். "கழி கணக்கு நிலமாயி வந்துகீது சார்" என்றார். போட்டாயா என்றேன். போட்டேன் என்றார். விடை என்ன என்று கேட்கவில்லை. சொல்லிக் கொடுத்தவன் நான்தானே.

ஏப்ரலில் காஞ்சிபுரத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம். நம் ஊர்த் தாள் நமக்கு வராது. வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். நமக்கு வேறு ஏதோ மாவட்டத்தின் தாள். முதல் நாள் காலை கூடத்தில் நூறு கணக்கு ஆசிரியர்களுக்குமேல் உட்கார்ந்திருந்தோம். முதன்மைத் தேர்வாளர் விடைக்குறிப்பை வாசித்தார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மையார். மூக்கின் நுனியில் கண்ணாடி. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை என்று பக்கத்தில் இருந்த வாலாஜாபாத் ஆசிரியர் காதோடு சொன்னார். அதற்கு அவசியமே வந்ததில்லையாம்.

விவசாயி கேள்வி வந்தது. சமன்பாட்டுக்கு இரண்டு, பின்னங்களைக் கூட்டியதற்கு ஒன்று, தீர்த்ததற்கு ஒன்று, விடைக்கு ஒன்று. விடை இருபத்து நான்கு ஏக்கர் என்று வாசித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

நான் எழுந்து நின்றேன்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்திவைத்து ஒன்று கேட்க ஆசை. நூறு பேர் தலையாட்டுகிற இடத்தில் ஒருவன் மட்டும் எழுந்து நிற்கிறான் என்றால் அவன் என்ன நினைத்திருப்பான்? மற்ற நூறு பேரும் தவறு என்று நினைத்திருப்பான். நான் அப்படியேதான் நினைத்தேன். விடைக்குறிப்பில் பிழை இருக்கிறது, விடை இருபது என்றேன். எப்படி என்றார். மீதி விதிப்படி என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அது யாருடைய விதி சார்?"

கூடத்தில் எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. வாலாஜாபாத் ஆசிரியர் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். முதன்மைத் தேர்வாளர் என்னைப் பலகைக்கு அழைத்தார். சாக்குக்கட்டியைக் கொடுத்தார். படிகளைப் போடச் சொல்வார் என்று நினைத்தேன்; அதில் என்னை அசைக்க முடியாது. அவர் படிகளைக் கேட்கவே இல்லை. "உங்கள் இருபதைக் கேள்விக்குள் வைத்துப் பாருங்கள்" என்றார்.

இருபதில் மூன்றில் ஒரு பங்கு, ஆறே மூன்றில் இரண்டு. இருபதில் நான்கில் ஒரு பங்கு, ஐந்து. கூட்டினால் பதினொன்றே மூன்றில் இரண்டு. கழித்தால் எட்டே மூன்றில் ஒன்று. பத்து இல்லை.

"பத்து ஏக்கர் தரிசு என்று கேள்வியில் இருக்கிறது. ஒன்றே முக்கால் ஏக்கருக்குப் பக்கத்தில் காணவில்லையே சார். யார் உழுதுகொண்டு போனார்கள்?"

கூடம் சிரித்தது. எனக்கோ கண்ணெதிரில் ஒரு மூங்கில் நின்றுகொண்டிருந்தது, சாக்குக்கட்டிக் கோட்டோடு. நாலடி ரெண்டு அங்குலம்தான் கீது. அஞ்சடி இல்ல சார்.

அந்த அம்மையார் நல்லவர். என் முகத்தைப் பார்த்திருப்பார். குரலைத் தணித்து, கேள்வியை அவசரமாகப் படித்துவிட்டீர்கள் போலிருக்கிறது, எல்லோருக்கும் நடப்பதுதான், உட்காருங்கள் என்றார். எனக்கு வாசலைத் திறந்துவிட்டார். அதில் நுழைந்து உட்கார்ந்திருந்தால் அன்று மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

ஆனால் ஏதோ ஒரு மாவட்டத்தில், ஏதோ ஒரு கூடத்தில், என் பிள்ளைகளின் தாள்கள் கட்டுப் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றோடு ஏகாம்பரத்தின் தாளும். ஐந்து ஐந்தாகப் போகும். பிள்ளைகளில் பலர் ஐந்து போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். முப்பத்தைந்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் மனிதருக்கு ஐந்து என்பது ஒரு நாற்காலி.

"அவசரமாகப் படிக்கவில்லை, மேடம்" என்றேன். "ஐந்து வருஷமாகத் தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் பள்ளியில் எழுதின எல்லோரும் இருபது என்றுதான் எழுதியிருப்பார்கள்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நூறு பேரும் அவரவர் வகுப்பை ஒரு சுற்று நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று இன்று தோன்றுகிறது.

நான் கேட்டது ஒன்றுதான். முதல் படி தவறு, அதற்கு மதிப்பெண் வேண்டாம். அந்தத் தவறை வைத்துக்கொண்டு பின்னால் எல்லாப் படிகளையும் சரியாகப் போட்டிருந்தால் அந்தப் படிகளுக்காவது தரலாமா? அவர் யோசித்தார். இது உங்கள் பள்ளிக்காகக் கேட்டால் முடியாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றால் கேட்கலாம். சந்தேகங்கள் மாலையில் மேலே போகும், அவர்கள் ஒத்துக்கொண்டால் எல்லா முகாமுக்கும் பொருந்தும் என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் கொடுங்கள். நடந்ததை, படிப்படியாக."

என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த படிகள் அந்தத் தாளில் இருக்கின்றன. நோட்ஸில் பத்து என்று இருந்தது முதல் படி. அதை நம்பியது இரண்டாவது. பன்னிரண்டை அழித்தது மூன்றாவது. வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். நான் நகரும்போது, "சரியாகச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதவர் தப்பாகச் சொன்னால் பிள்ளை மறந்துவிடும் சார்" என்றார். "நீங்கள் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறவர் என்று படித்தாலே தெரிகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

முப்பத்து நான்கு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் மறக்காதது இது ஒன்றுதான்.

அன்று மாலையே உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினேன். முடிவு வரும்வரை ஏகாம்பரத்திடம் சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவர் இரண்டு மாதம் நிம்மதியாக இருப்பாரே என்று அதற்கு ஒரு காரணமும் வந்தது. நான் சப்பைக்கட்டுக்குக் காரணம் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவன் என்று அன்று காலைதான் ஒரு கூடத்துக்கே தெரிந்திருந்தது. ஆகவே அந்தக் காரணத்தை நம்பவில்லை.

பள்ளி விடுமுறையில் கிடந்தது. ஏகாம்பரம் பத்தாம் வகுப்பில் பெஞ்சின்மேல் ஏறி நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். கையில் அந்த மூங்கில். நுனியில் தென்னை விளக்குமாற்றைக் கட்டியிருந்தார்.

"ஏகாம்பரம், கொஞ்சம் இறங்கி வாங்க. உட்காருங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவசரமாக இறங்கினார். "இன்னா சார், யாராவது பூட்டாங்களா?"

அதுவரை அவரை நான் உட்காருங்க என்று சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் போகவில்லை என்றேன். பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்த பேச்சை விட்டுவிட்டேன். அந்தக் கணக்கு தவறு, நான் சொல்லித் தந்ததுதான் தவறு, உங்கள் மூங்கில் சரி என்றேன்.

ஏகாம்பரம் தலையில் விழுந்திருந்த ஒட்டடையைத் துடைத்தார். நிதானமாக.

"அப்ப இருபது தப்பா சார்?"

"தப்பு."

"இருபத்தினாலு?"

"அதுதான் சரி."

"ரெண்டும் எழுதிக்கீறேன் சார்."

எனக்குப் புரியவில்லை. அவர் வகுப்பறைக்கு வெளியே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, விவரமாகச் சொன்னார். தேர்வில் உட்கார்ந்தபோது மனசுக்குள் இரண்டு விடையும் வந்ததாம். ஒன்றை விட்டால் சாருக்குத் துரோகம். இன்னொன்றை விட்டால் மூங்கிலுக்குத் துரோகம். ஆகவே பக்கத்தை இரண்டாகப் பிரித்து, மேலே "சார் கணக்கு" என்று தலைப்பு போட்டு இருபது ஏக்கர். கீழே "என் கணக்கு" என்று தலைப்பு போட்டு இருபத்து நான்கு ஏக்கர். கீழே சரிபார்த்தலும் எழுதினாராம். சார் கணக்குக்குச் சரிபார்த்தல் வரவில்லை, ஆகவே எழுதவில்லையாம்.

நான் அவசரமாகக் கேட்டேன். எதையாவது அடித்தீர்களா? அடித்த விடையைத் திருத்த மாட்டார்கள். குறுக்கே கோடு கீடு?

"அடிக்கல சார். எத அடிக்கிறதுன்னு தெரிஞ்சிருந்தா இன்னாத்துக்கு ரெண்டு எழுதறேன்?"

நான் நிரப்பாத படிவம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா? படிவங்களோடு வரும் விதிகளையும் அறிந்திருந்ததற்குப் பலன் கிடைத்த நேரம் அதுதான். ஒரே கேள்விக்கு இரண்டு விடை எழுதி, இரண்டையும் அடிக்காமல் விட்டால், இரண்டையும் திருத்தி எதற்கு மதிப்பெண் அதிகமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் முகாமில் வாசித்த நெறிமுறை. அந்த மாவட்டத்திலும் அதையேதான் வாசித்திருப்பார்கள். நான் சிரிக்க ஆரம்பித்தேன். ஏகாம்பரம் என்னைக் கவலையோடு பார்த்து, "நாஷ்டா துன்னீங்களா சார்?" என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைத்தெருவுக்குப் போய் இரண்டு பேரும் தோசை சாப்பிட்டோம். ஒரு மேசையில், எதிரெதிரே.

சாப்பிடும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். உங்களுக்கு உங்கள் விடையில்தானே நம்பிக்கை, ஏன் என்னுடையதை மேலே எழுதினீர்கள்?

"மரியாதை வாணாவா சார்" என்றார்.

மேலிடத்திலிருந்து பதில் இரண்டு நாளில் வந்தது. முதல் படிக்குப் பூஜ்யம். பின்னால் வரும் படிகள் சரியென்றால் இரண்டு. ஆகவே என் பிள்ளைகளுக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த ஆண்டு நூற்றுக்கு நூறு வாங்கியிருக்க வேண்டிய ஒரு பெண் தொண்ணூற்றேழு வாங்கினாள். இன்று ஒரு வங்கியில் மேலாளர். எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் "சார், என் மூணு மார்க்" என்பாள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஒவ்வொரு வகுப்பாகப் போய் மீதி விதிக் கட்டத்தைக் குறுக்கே அடிக்கச் சொன்னேன். நான் எதிர்பார்த்ததுபோல் பிள்ளைகள் என்னைக் குறைவாக நினைக்கவில்லை. அடிப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அதிலும் சிவப்பு மையில்.

ஏகாம்பரத்துக்கு முப்பத்தேழு. என் இருபதை மட்டும் எழுதியிருந்தால் முப்பத்து நான்கு. கணக்கு நான் போட்டுப் பார்த்தேன், சரிபார்த்தும் பார்த்தேன். எங்கோ முகம் தெரியாத ஒருவர் "சார் கணக்கு" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, சிரித்துவிட்டோ சிரிக்காமலோ, அதற்கு இரண்டு போட்டுவிட்டு, கீழே "என் கணக்கு"க்கு ஐந்து போட்டிருக்கிறார். அவருக்கு என் நன்றி.

ஏகாம்பரம் ரெக்கார்டு கிளார்க் ஆனார். கையெழுத்து அழகு; கோப்புகளை அவர் அடுக்கினதுபோல் அந்தப் பள்ளியில் யாரும் அடுக்கியதில்லை. இரண்டு ஆண்டு கழித்துத் தலைமையாசிரியர் எனக்கு வருடாந்திர இருப்புச் சோதனை வேலையைக் கொடுத்தார். பள்ளியில் உள்ள பெஞ்சு, நாற்காலி, பூகோள உருண்டை எல்லாவற்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரில் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டை ஏகாம்பரம்தான் வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ஓர் இனம்: மூங்கில் கழி, நீளம் பன்னிரண்டு அடி, எண்ணிக்கை ஒன்று.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் மேசைக்கு எதிரில், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மைக்கூட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"அடி சரியா, ஏகாம்பரம்?" என்றேன்.

மேசை இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே அளந்துக்கோங்க சார்."

ஒட்டடைக் கழியைத் தரையில் கிடத்தி, மண்டியிட்டு, அளந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.